மாத்திரை மாறினால் யாரிடம் கேட்பது?

தூத்துக்குடி மாவட்டத்தின் தலைமை அரசு மருத்துவமனை கோவில்பட்டியில் இருக்கிறது. தூத்துக்குடி நகரத்து ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக உயர்ந்துவிட்டதால், மாவட்டத் தலைமை என்ற பெயர் சுமார் 60 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள இந்தத் தீப்பெட்டி ஊருக்கு வந்து சேர்ந்தது. நிர்வாகக் கணக்கில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் மனநலத்துக்கு மருந்து சாப்பிடும் கரிசல்காட்டு ஜனங்கள் இந்தக் கணக்கைப் பார்த்து பஸ் ஏறுவதில்லை. பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி என்றால் இன்னும் திருநெல்வேலி 'ஹைகிரவுண்டு'தான். சிலருக்கு மதுரை. வசதி கொஞ்சம் உள்ளவர்களுக்கு ஏதோ ஒரு நகரத்துத் தெருவில், 'நரம்பு டாக்டர்' என்று பேர் சொல்லிப் போகக்கூடிய ஒரு கிளினிக்.

1986 அக்டோபர் 20 வரை கோவில்பட்டி நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது. பழக்கம் அந்தப் பக்கமே இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வடக்கே சாத்தூர் அதற்கு முந்தைய ஆண்டே விருதுநகரோடு போய்விட்டது. மேற்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்து ஊர்கள் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டமாயின. அவர்கள் சந்தைக்கும் நகைக்கடைக்கும் இன்றைக்கும் கோவில்பட்டிக்குத்தான் வருகிறார்கள். கோவில்பட்டி பஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான்கு மாவட்டங்கள் அடக்கம். மனநல சேவையோ மாவட்டக் கோட்டை வைத்துப் பிரிக்கப்பட்டது. வீடு தேடி வந்து பார்க்கும் சமூகப் பணியாளருக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் வேலை கிடையாது.

அந்தச் சேவையின் பெயர் மாவட்ட மனநலத் திட்டம். தேசிய மனநலத் திட்டம் 1982இல் அறிவிக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்த முன்னோட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1996இல் மாவட்டத் திட்டம் வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் முதலில் அது கால் ஊன்றியது திருச்சியில். 2001 ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிறகு மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் வந்தது. இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் அடங்கிய சிறு குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கிழமை வைத்து முறைபோட்டுப் போக வேண்டும் என்பது அதன் அமைப்பு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது 2019இல் வெளியான ஒரு கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினேழரை லட்சம் பேர். சராசரியை அப்படியே பொருத்தினால், அரசிலும் தனியாரிலுமாக மாவட்டம் முழுமைக்கும் 13 பேர் வர வேண்டும். சராசரி விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் போய்ச் சேராது என்பதை விளக்கத் தேவையில்லை.

இப்படி மெலிந்த ஒரு சேவையில் மாற்றம் எந்த வடிவத்தில் வருகிறது? ஒரு மருத்துவமனையை மூடுகிறோம், ஒரு பிரிவை இடம் மாற்றுகிறோம் என்று நாளிதழில் அறிவிப்பு கொடுத்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை வந்த டாக்டர் இனி வியாழன் வருவார். மாறுதல் கலந்தாய்வில் அவருக்குச் சொந்த ஊர் கிடைத்துவிட்டது; அடுத்தவர் வரும்வரை பொது மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதிக் கொடுப்பார். ஒப்பந்தத்தில் இருந்த சமூகப் பணியாளருக்கு நீட்டிப்பு வரவில்லை. வெள்ளையாக இருந்த மாத்திரை மஞ்சளாகிவிட்டது. இவை எதற்கும் எந்தக் கோப்பிலும் சேவை மாற்றம் என்று தலைப்பு போட மாட்டார்கள். மருந்து சாப்பிடுகிறவருக்கோ சேவை என்பதே இவை நாலும்தான்: அந்தக் கிழமை, அந்த முகம், வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போன அந்த ஆள், அந்த மாத்திரை.

இதில் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக, ஒப்பந்தப்புள்ளி வழியாக, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கி எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் அனுப்புகிறது. நாடே பார்த்துப் படித்த ஏற்பாடு. குறை சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். ரிஸ்பெரிடோனும் ஓலன்சபைனும் ஏழை வீட்டுக்கு இலவசமாக வந்ததற்கு இந்தக் கழகம் பெரிய காரணம். ஆனால் ஒப்பந்தம் மாறும்போது மாத்திரையின் நிறமும் அளவும் அட்டையும் மாறும். ரத்தக்கொதிப்புக்காரருக்கு அது ஒரு சின்னக் குழப்பம், அவ்வளவுதான். தன்னை யாரோ விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பதே நோயாக உள்ள ஒருவருக்கு, அம்மா கையில் திடீரென்று வேறு நிறத்தில் ஒரு மாத்திரை இருப்பது சின்ன விஷயமா? உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்று மருந்தாளுநருக்குத் தெரியும். கவுன்டரில் நூறு பேர் நிற்கும்போது அதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. வீட்டில் மாத்திரை வேண்டாம் என்று தள்ளிவிடப்படும். மூன்று வாரத்தில் தூக்கம் போகும். அடுத்த மாதம் சீட்டில் 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று எழுதப்படும். குறை நோயாளி கணக்கில் ஏறிவிடும்.

சில மருந்துகள் கிடைக்காத மாதங்களில் ஏற்படும் கவலை இன்னொரு வகை. மாதம் ஒரு முறை போடும் ஊசியை நம்பியிருப்பவர்களுக்கு ஊசி இல்லாத மாதம் வெறும் காத்திருப்பாக முடிவதில்லை. குளோசபைன் சாப்பிடுகிறவருக்கு வெள்ளணு எண்ணிக்கையும், லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை எங்கே நடக்கிறதோ அங்கேதான் அவருடைய சிகிச்சை உண்மையில் இருக்கிறது. மருத்துவரை மட்டும் பக்கத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டு ஆய்வகத்தைத் தூரத்திலேயே வைத்திருந்தால் பயணம் ஒன்றும் குறையாது.

கரிசல் பூமிக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. சித்திரை வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்பில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாக முடியும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும், அவற்றோடு சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிஃபெனிடிலும், உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைப்பவை. குளோர்புரோமசின் சாப்பிடுகிறவருக்கு வெயில் பட்டால் தோல் எளிதில் பொசுங்கும். நிழலுக்கு ஒரு வேலிக்கருவேல மரத்தைத் தவிர வேறில்லாத காட்டில் பருத்தி எடுக்கிறவருக்கும், மிளகாய் பறிக்கிறவருக்கும், உளுந்துக்குக் களை வெட்டுகிறவருக்கும் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வேண்டும். என்ன வேலை பார்க்கிறார், எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போகிறார், ராத்திரி மாத்திரை போட்டால் காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்கு எழுந்து போக முடிகிறதா என்பதெல்லாம் சீட்டில் இருக்காது, டாக்டரின் நினைவில் இருக்கும். டாக்டர் மாறும்போது சீட்டு தங்குகிறது, அந்த நினைவு போய்விடுகிறது. புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் தடவை நோய் வந்தபோது ஊருக்கு முன்னால் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்து.

செலவையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோய் உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாகச் சொன்னது. கூலி போன கணக்கு தனி. 2021 மே முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. ஆனால் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போவது புறநகர்ப் பேருந்து, அதில் டிக்கெட் உண்டு. ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்று இரண்டு டிக்கெட், இரண்டு கூலி. மானாவாரி நிலத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். புரட்டாசி கடைசியில் மழை விழுந்து ஈரம் இருக்கும் நாலைந்து நாளைக்குள் விதைத்தாக வேண்டும். அந்த வாரத்தில் ஆஸ்பத்திரிக் கிழமை விழுந்தால் எது நிற்கும் என்று கேட்கவே வேண்டாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், சேவையை வீட்டுப் பக்கத்தில் கொண்டுவந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, யாரையும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது என்கிறது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. குறைந்தபட்ச சேவைகூட மாவட்டத்தில் இல்லாவிட்டால் அதே மாவட்டத்தின் வேறு மனநல நிலையத்தில் பெறும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்கிறது. 'அதே மாவட்டத்தில்' என்ற நிபந்தனை நான்கு மாவட்ட நாற்சந்தியில் வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி.

ஆனால் கரிசல் ஊர்களில் தூரத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. திட்டம் தீட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டுக்காரர், பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநலக் கிழமையன்று வரிசையில் நிற்க மாட்டார். அந்த வரிசையில் நின்றாலே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும். சாதிசனம் இல்லாத ஹைகிரவுண்டுக் கூட்டத்தில் அவர் யாரோ ஒருவர். நாலு மணி நேரப் பயணமும் ஒரு நாள் கூலியும் அந்த மறைவுக்கு அவர் கொடுக்கும் விலை. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. அருகில் கிடைக்கும் உரிமையும் மறைவாகப் பெறும் உரிமையும் இருநூறு வீடு உள்ள ஊரில் ஒன்றோடொன்று மோதும். சட்டம் எழுதியவர்கள் நகரத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. மனநல மாத்திரையையும் அப்படித் தந்தால் என்ன என்று கேட்பது இயல்பு. படுத்த படுக்கையான ஒரு கிழவருக்கு அது வரம். பக்கத்துத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் பையோடு வந்து திண்ணையில் உட்காரும்போது, இருபது வயதுப் பெண்ணுக்கு அது வரமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற தொலைபேசிச் சேவை இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். யார் கண்ணிலும் படாமல் பேசலாம் என்பது அதன் பலம். வீட்டின் ஒரே போன் புருஷன் சட்டைப்பையில் இருந்தால் அந்தப் பலம் பாதிதான். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே தொலைமருத்துவ அறையாக்கி ஊர் ஊராக அனுப்பியது. சென்னையிலிருந்து டாக்டர் திரையில் பேசுவார், மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும். நல்ல யோசனை, ஆனால் ஊர்நடுவில் நிற்கும் பஸ்ஸில் ஏறுவதை எல்லாரும் பார்க்கலாம். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே ஏற்பாடு கிடையாது, ஆளுக்கு ஆள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்படிக் கேட்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 25 பேர் அங்கேயே இறந்தார்கள். பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 28. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கின் தலைப்பிலேயே சங்கிலியில் இறந்த அந்த 25 பேர் இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் ஏர்வாடியின் காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். மூடியது சரி. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்த 500 பேரில் யார் வீட்டுக்குப் போக விரும்பினார், யாருக்கு வீடே கிடையாது, யார் ஏர்வாடி தர்காவின் பக்கத்திலேயே இருக்க நினைத்தார் என்பதைக் கேட்டுச் செய்யும் அவகாசம் அந்த வாரத்தில் இல்லை. தென் மாவட்டங்களில் மனநல சேவையின் மிகப் பெரிய மாற்றம் ஒரு பேரழிவின் அவசரத்தில் நடந்தது. மனநோயாளியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அன்று வலுப்பட்டது. அவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதனுடன் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த நல்ல திட்டங்களிலும் இந்தக் கோணல் தெரிகிறது.

குணம் தேடி ஏர்வாடி தர்காவுக்கு ஜனங்கள் ஏன் போனார்கள் என்பதை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் முடிப்பவர்கள் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையைப் படிக்கலாம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். தனிச் சடங்கோ மருந்தோ இல்லை. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான். மருந்துக்குப் பதில் கோயில் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த இடம் என்ன கொடுத்தது என்பதைக் கவனிக்கலாம். துணைக்கு வந்தவரும் கூடவே தங்கலாம். விரட்டுவார் இல்லை. சும்மா இருக்கலாம், முடிந்தால் சின்னச் சின்ன வேலை செய்யலாம். தூத்துக்குடி மாவட்டத்திலேயே புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் இப்படிப்பட்ட குடும்பங்கள் போகின்றன. அங்கே சந்நிதி இடம் மாறுவதில்லை, கிழமையும் மாறுவதில்லை. ஆஸ்பத்திரியோடு ஒப்பிட்டால் இந்த நிலைத்தன்மை ஒன்றும் சின்ன விஷயமில்லை.

சரி, கேட்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? 2017 சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் மனநோய் உள்ளவர்களின், அல்லது இருந்து குணமானவர்களின் பிரதிநிதிகளாக இருவர் உண்டு. பராமரிப்பாளர்கள் சார்பில் இருவர் தனியாக உண்டு. அதே சட்டத்தின் கீழ் வரும் மனநல மறுஆய்வு வாரியத்தில் இந்தப் பிரிப்பு இல்லை. நோயாளியோ பராமரிப்பாளரோ தொண்டு நிறுவனத்தவரோ, இவர்களில் யாராவது இருவர் இருந்தால் போதும். வாரியத்தின் வேலையும் முக்கியமாக அனுமதி, முன்விருப்ப ஆணை, உரிமை மீறல் போன்ற தனி வழக்குகள். எந்தக் கிழமை புறநோயாளிப் பிரிவு நடக்க வேண்டும் என்பது அங்கே போகாது. அது தீர்மானமாகும் இடம் மாவட்டமும் மருத்துவமனையும். மருத்துவமனையில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதிகாரிகளும் உள்ளூர்ப் பிரமுகர்களும் உட்காரும் குழு அது. உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனோடு 2019இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில் மக்கள் பேசுவதற்கான சுகாதாரப் பேரவைகளும் ஓர் அங்கம். அந்த மேடையில் ஏறி, நான் பத்து வருஷமாக ஓலன்சபைன் சாப்பிடுகிறேன் என்று மைக்கில் சொல்லக் கோவில்பட்டியில் எத்தனை பேர் துணிவார்கள்? திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். மனுவில் பெயரும் ஊரும் எழுத வேண்டும்.

மேடை இருந்தாலும் அதில் வரும் குரல் யாருடையது என்பது அடுத்த சங்கடம். நம் ஊரில் நோயாளியின் குரல் என்று பதிவாவது பெரும்பாலும் அம்மாவின் குரல். சீட்டை வைத்திருப்பவர் அவர். டாக்டரிடம் பேசுபவர் அவர். மாத்திரை சாப்பிடும் மகன் வெளியே மரத்தடியில் நிற்பான். அம்மாவின் கவலை நியாயமானது: நான் கண்ணை மூடினால் இவனை யார் பார்ப்பது, எங்காவது சேர்த்துக்கொள்ளும் இடம் உண்டா? அதே வீட்டில் மகன் கவலை வேறு: இந்த மாத்திரையில் உடம்பு பெருக்கிறது, பகலெல்லாம் தூக்கம் அழுத்துகிறது, எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள். சேவையில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால் அம்மா ஒரு காப்பகம் கேட்பார், மகன் ஒரு வேலை கேட்பான். இரண்டையும் 'பயனாளிகளின் கருத்து' என்று ஒரே தாளில் எழுதினால் மகன் சொன்னது மறைந்துவிடும். அம்மாக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கரிசலில் மனநல சேவையின் முக்கால் பங்கைச் சம்பளம் இல்லாமல் நடத்துகிறவர்கள் அவர்கள்தான்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு சட்டக் கடமை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவைச் சட்டத்தின் 242ஆம் பிரிவு, சேவையை மாற்றும் யோசனைகளில் அதைப் பயன்படுத்துகிறவர்களை ஈடுபடுத்தச் சொல்கிறது. கலந்தாலோசனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் நெறி, ஒரு பள்ளிக்கூட விவகாரத்தில் 1985இல் வந்த தீர்ப்பிலிருந்து கிடைத்தது: முடிவெடுக்கும் முன்பே கேட்க வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், யோசிக்க நேரம் தர வேண்டும், சொன்னதை உண்மையிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் அங்கே கேட்பது கண்துடைப்பு என்ற புகார் ஓயவில்லை. ஆனால் கண்துடைப்பு என்று வழக்குப் போட அவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. விளாத்திகுளத்தில் கிழமை மாறியதை எதிர்த்து எதன் கீழ் வழக்குப் போடுவது?

கோவில்பட்டி அளவில் செய்யக்கூடியது பெரிய காரியமெல்லாம் இல்லை. மாத்திரை நிறம் மாறும் மாதத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ஓர் அட்டை மருந்துக் கவுன்டரில் இருக்கலாம். டாக்டர் மாறுவதாக இருந்தால் கடைசி மாதத்துச் சீட்டிலேயே அதைச் சொல்லலாம். முடிந்தால் ஒரு கிழமை இரண்டு டாக்டரும் சேர்ந்து உட்காரலாம். மாத்திரையை எங்கே வாங்கிக்கொள்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டு, சாத்தூர்க்காரருக்கும் திருவேங்கடத்துக்காரருக்கும் மாவட்டம் பார்க்காமல் கொடுக்கலாம். நோயாளர் நலச் சங்கத்தில் மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கும் பராமரிக்கிற ஒருவருக்கும் தனித்தனி நாற்காலி போடலாம். சங்கம் கூடுவது வேலை நாள் காலையில் என்றால், தீப்பெட்டி ஆபீஸில் அன்றைக்குப் போகும் கூலியை யார் தருவது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் கூட்டத்துக்கு அவர் வர மாட்டார்.